க்வாங்ஜுவின் காயமும் கொரியத் திரையும்



கொரியப் படங்களை இன்று நம் மாணவர்கள் விரும்பிப் பார்க்கிறார்கள். அந்தத் திரைக்குப் பேசும் உரிமை எப்படிக் கிடைத்தது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

1980 மே 17 நள்ளிரவில் தென்கொரியா முழுவதும் இராணுவச் சட்டம் விரிவாக்கப்பட்டது. மறுநாள் க்வாங்ஜுவில் மாணவர்கள் எதிர்த்து நின்றார்கள். தளபதி சுன் டூ-ஹ்வானின் ஆட்சி ஏவிய படையினர் அவர்களைத் தடியாலும் துப்பாக்கிக் கத்தியாலும் தாக்கினர். டாக்சி, பேருந்து ஓட்டுநர்களும் தொழிலாளர்களும் சேர, நகரமே எழுந்தது. மே 27 விடியலில் இராணுவம் அந்நகரைக் கைப்பற்றியது. மக்கள் எழுச்சிக்கு அரசு சூட்டிய பெயர், கலகம்.

இந்த மௌனத்தை உடைத்தவை பெரிய நிறுவனங்கள் அல்ல. 1989இல் 'சாங்சான்கொட்மே' என்ற இளைஞர் குழு, க்வாங்ஜுவிலிருந்து தப்பிய மாணவனைப் பற்றி 'ஓ, கனவு தேசமே' என்ற 16 எம்.எம். படத்தை எடுத்தது. தணிக்கைக்குக் கொண்டுபோகாமல் அதைத் திரையிட்டது, வழக்கைச் சந்தித்தது. அக்குழு நடத்திய சட்டப் போராட்டமும் சேர்ந்துதான், 1996இல் முன்தணிக்கை செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றத்தைச் சொல்லவைத்தது.

அதே ஆண்டில் ஜாங் சன்-வூவின் 'ஒரு பூவிதழ்' வெளிவந்தது. குண்டடிபட்ட தாயின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு ஓடிய சிறுமி, மனம் பிறழ்ந்து அலைகிறாள். அவளைச் சிதைப்பவன் சிப்பாய் அல்ல, ஒரு கூலித் தொழிலாளி. அரச வன்முறை ஓய்ந்த பிறகும் அது பெண்ணுடலின் மீது தொடர்வதை அப்படம் காட்டுகிறது.

2000இல் திரைக்கு வந்த லீ சாங்-டாங்கின் 'பெப்பர்மிண்ட் கேண்டி' சுட்டவனின் பக்கம் போகிறது. ரயிலுக்கு முன் நிற்கும் ஒருவனின் வாழ்க்கை பின்னோக்கி விரிகிறது: நொடித்துப்போன வியாபாரி, சித்திரவதை செய்த போலீஸ்காரன், க்வாங்ஜுவில் பள்ளி மாணவியைத் தவறுதலாகச் சுட்ட சிப்பாய்.

இந்த வரிசை முக்கியமானது. கொல்லப்பட்டோர் பக்கம் நின்றவர்கள் முதலில் பேசினார்கள். அதனால்தான் கொன்றவனின் கண்ணீரை மன்னிப்பாக அல்லாமல் சாட்சியமாகக் கேட்க முடிந்தது.

சுன் டூ-ஹ்வானுக்கு 1996இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அது ஆயுள் தண்டனையாகி, 1997இல் பொதுமன்னிப்பாகவும் ஆனது. 2021இல், 90 வயதில், தன் வீட்டில், மன்னிப்புக் கேட்காமலே இறந்தார். திரையில் ஒரு குண்டைத் தாங்க முடியாமல் சாகிறான் சிப்பாய். ஆணையிட்டவர்களை எந்தக் குற்றவுணர்வும் தொடவில்லை.

ஆகவே சிப்பாய்க்காக இரங்கும்போதும், சில நிமிடங்களே வந்து மறையும் அந்த மாணவியின் பக்கமிருந்து படத்தைப் பார்ப்போம். அவளுடைய வாழ்க்கையைப் பின்னோக்கிச் சொல்ல அங்கே யாரும் இல்லை.