எண்ணிக்கைக்குச் சேரி, தேர்வுக்கு ஊர்

2021 சட்டமன்றத் தேர்தல் சமயம். கோவளத்தில் நம்ம காலனிப் பெரியப்பா ஒருவர் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, நம்ம திருப்போரூரு தனித்தொகுதியாத்தான இருந்துச்சு? யாரக் கேட்டு மாத்துனாங்க?"

2008இல் தொகுதி மறுவரையறை செய்தார்கள், பொதுத்தொகுதியாகிவிட்டது, ஆனா எம்.பி. தொகுதி காஞ்சிபுரம் தனித்தொகுதி ஆச்சு என்றேன். "அப்ப மேல நம்ம ஆளு, கீழ அவங்க ஆளா?" என்றார். சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் கேள்வி சிரிக்கிற கேள்வியில்லை. ஓட்டைப் போடுவது ஒன்று, அதை எப்படிக் கூட்டிக் கழிக்கிறார்கள் என்பது வேறொன்று. நமக்கு நடந்த துரோகமெல்லாம் இரண்டாவதில்தான்.

இந்தக் கணக்கை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர். இருவரும் முன்வைத்த கோரிக்கை வெறும் இடஒதுக்கீடு அல்ல, நம் பிரதிநிதியை நாமே தேர்வது. 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு அதைத் தந்தது. தனித்தொகுதியில் நம் ஆளுக்கு ஓர் ஓட்டு, பொதுத்தொகுதியில் இன்னொரு ஓட்டு. அந்த இரண்டாவது ஓட்டு இருக்கிற வரைக்கும் ஊர்க்காரனும் சேரிக்கு வந்து கேட்டாக வேண்டும்.

காந்தி எரவாடா சிறையில் பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24இல் புனா ஒப்பந்தம். சீனிவாசனும் கையெழுத்துப் போட்டார், போடாமல் வேறென்ன செய்வது? சென்னை மாகாணத்துக்கு 18 இடம் என்றிருந்தது 30 ஆனது, மொத்தம் 148. எண்ணிக்கை ஏறியது. பறிபோனது தேர்வு. முதல்சுற்றில் தலித் வாக்காளர்கள் மட்டும் நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள், இறுதிச்சுற்றில் எல்லாரும் சேர்ந்து அந்த நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். நம்மிடம் முதலாவதாக வந்தவன் ஊரிடம் தோற்கலாம், நாலாவதாக வந்தவன் ஜெயிக்கலாம். 1946இல் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவிடம் அம்பேத்கர் இந்த முதல்சுற்று முடிவுகளைத்தான் சாட்சியாக வைத்தார்.

சுதந்திரம் வந்தது, முதல்சுற்று போனது. 1952இலும் 1957இலும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். ஒரே தொகுதியில் ஒரு பொது இடம், ஒரு ஒதுக்கீட்டு இடம், வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. ஆனால் இரண்டையும் ஒருவருக்கே போடக்கூடாது, போட்டால் ஒன்று செல்லாது. 1937 பம்பாய் மாகாணத் தேர்தலில் அப்படி மொத்தமாகப் போட முடிந்தது. சிறுபான்மையாய் இருக்கிறவனுக்கு அதுதான் கேடயம். கேடயம் போனபின், 1952இல் வட பம்பாய் இரட்டைத் தொகுதியில் அரசியல் சட்டம் எழுதிய அம்பேத்கரே காங்கிரசின் கஜ்ரோல்கரிடம் தோற்றார்.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதி. ஓர் இடம் பழங்குடியினருக்கு, ஓர் இடம் பொது. வி.வி. கிரி பொது இடத்துக்கு நின்றார். ஓட்டை எண்ணினால் முதல் இரண்டு இடமும் பழங்குடி வேட்பாளர்களுக்கு. ஒருவர் ஒதுக்கீட்டு இடத்தை எடுத்தார், டிப்பல சூரி தோரா பொது இடத்தையே எடுத்துவிட்டார். கிரி வழக்காடினார். பழங்குடியினர் என்பதற்காகப் பொது இடத்தை மறுக்க முடியாதென்று 1959இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 1961இல் இரட்டைத் தொகுதிகளை ஒழிக்கச் சட்டம் வந்தது. தொகுதி மிகப் பெரிசு, செலவு தாங்கலை என்று காரணம் சொன்னார்கள். அதுவும் மெய்தான். ஆனால் பொது இடத்தில் நம்மாள் உட்கார்ந்த நாலு வருஷத்திலேயே செலவு கண்ணில் பட்டதை நாம் கவனிக்காமல் இருக்க முடியுமா?

அதே கிரி 1969இல் குடியரசுத் தலைவரானார். முதல் விருப்ப ஓட்டில் பாதியைத் தாண்ட முடியவில்லை, இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்து எண்ணியதும் 4,20,077 பெற்று சஞ்சீவ ரெட்டியை வென்றார். பார்வதிபுரத்தில் கவிழ்த்ததும் எண்ணும் முறை, டெல்லியில் தூக்கி நிறுத்தியதும் எண்ணும் முறை.

அமெரிக்காவிலும் இதே கதைதான், இன்னும் பச்சையாக. 1787இல் அடிமைகளை ஆளுக்கு ஐந்தில் மூன்று பங்கு என்று எண்ணினார்கள். ஓட்டுப் போட அல்ல, எஜமானின் மாநிலத்துக்குத் தேர்வாளர்களைக் கூட்டிக்கொடுக்க. முதல் 36 ஆண்டில் 32 ஆண்டு வர்ஜீனியாவின் அடிமை முதலாளிகளே ஜனாதிபதி. அடிமைமுறை ஒழிந்தபின் கருப்பர்களை முழுத் தலையாய் எண்ணினார்கள், ஓட்டை மட்டும் பல பத்தாண்டுகள் தென்மாநிலங்கள் பறித்துவைத்தன. அது திரும்பக் கிடைத்த பிறகும், மாநிலத்தில் முந்துகிறவனுக்கே எல்லாத் தேர்வாளர்களும் என்ற விதி அவர்கள் ஓட்டை விழுங்கியது. மெய்ன் மாநிலம் 1972 தேர்தலிலிருந்தும் நெப்ராஸ்கா 1992 தேர்தலிலிருந்தும் மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுத்தன. மற்றவை அசையவில்லை. கூட்டுத்தொகுதியில் சேரி ஓட்டு கரைவது நமக்குத் தெரியாததா.

இங்கே ஜனாதிபதி தேர்தலில் மாநில ஓட்டு மொத்தமாய் ஒருவருக்குப் போவதில்லை. ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தனித்தனியே போடுவார். அந்த ஓட்டின் மதிப்பு மக்கள்தொகையை வைத்து. தமிழ்நாட்டுக்கு 176, உத்தரப்பிரதேசத்துக்கு 208. 1976 திருத்தமும் 2001 திருத்தமும் இதை 1971 கணக்கெடுப்போடு கட்டிப்போட்டன. குடும்பக் கட்டுப்பாடு செய்த மாநிலம் நஷ்டப்படக் கூடாது என்பது நியாயம். 2022 தேர்தலிலும் அதே 176தான்.

2021இல் திருப்போரூர் பொதுத்தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகளின் பானைச் சின்னம் ஜெயித்தது. எஸ்.எஸ். பாலாஜி எம்.எல்.ஏ. ஆனார். முடிவு வந்தபின் அதே டீக்கடையில் பெரியப்பாவிடம் 176 கணக்கைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"எழுபத்தொண்ணுல எனக்குப் பத்து வயசு. சார் ஒருத்தர் வந்து காலனி வாசல்ல நின்னு எங்க ஊட்டுல எத்தினி பேருன்னு எழுதிக்கினு போனாரு. அந்த நூத்தி எழுவத்தாறுல நான் இருக்கனா?"

இருக்கீங்க என்றேன்.

"உள்ள மட்டும் வரல அவரு."