நொய்யல் கரையிலிருந்து ஜூரோங் வரை

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் வீவக அடுக்குமாடிகளின் சுவருக்குள் எஃகுக் கம்பி இருப்பது அங்கே குடியிருக்கும் எல்லாருக்கும் தெரியும். அந்த எஃகின் கதையில் பெரும்பங்கு தமிழ் மண்ணுக்கு உண்டு.

ஈரோட்டுப் பக்கம், நொய்யல் கரைக் கொடுமணலில் 2,000 ஆண்டுப் பழைய உருக்கு உலைகள் அகழாய்வில் கிடைத்தன. இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் மண்மூசையில் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துக் காய்ச்சுவது நம் கொல்லர்களின் முறை. கட்டையின் கரி இரும்பில் இறங்க, உருக்கு பிறந்தது. வணிகர்கள் அதை மேற்கே கொண்டுபோனார்கள். அதில் செய்த டமாஸ்கஸ் வாள்கள் புகழ் பெற்றன. மின்சாரத்தால் பேர் வாங்குவதற்கு முன்பே லண்டனில் மைக்கேல் ஃபாரடே இந்த உருக்கைப் போலச் செய்து பார்க்க முனைந்தார்.

அடுத்து வந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான இவர் சேலத்து இரும்பில் மனம் பறிகொடுத்து, 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார். மரக்கரிக்காகக் காடுகள் அழிந்தன, ஆலையும் நிலைக்கவில்லை. இங்கிலாந்து திரும்பியவர், மாங்கனீசு சேர்த்தால் மலிவான இரும்பிலும் நல்ல எஃகு வரும் என்று காட்டி 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைக்காரர்கள் சேர்மானத்தைச் சற்றே மாற்றி, காசு கொடுக்காமல் அதையே செய்தார்கள். வழக்கு பல ஆண்டு இழுத்தது. 1855-இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது ஹீத் உயிரோடு இல்லை. எஃகு வரலாற்றில் இதைவிடப் பெரிய அநியாயம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு நிலக்கரியின் காலம். ஊதுலையில் ஒரு டன் எஃகுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியேறும். மாற்றுவழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது: அலுமினியம் பிரிக்கும் முறையைக் கண்ட பிரெஞ்சுக்காரர் பால் ஹெரூ, 1900 வாக்கில் மின்சாரத்தால் இயங்கும் மின்வில் உலையில் எஃகு உருக்கினார். பழைய இரும்பை அதில் உருக்கினால் வாயு பாதிக்கும் கீழே போகும்.

சிங்கப்பூரில் இரும்புத் தாதும் இல்லை, நிலக்கரியும் இல்லை. ஆகவே 1961-இல் நிறுவப்பட்ட தேசிய இரும்பு எஃகு ஆலை ஜூரோங்கில் பழைய இரும்பை நம்பியே எழுந்தது. பின்னாளில் நாட்ஸ்டீல் ஆன அதன் எஃகுத் தொழில் 2005-இல் டாடாவிடம் போய், 2021-இல் மீண்டும் கைமாறியது. அதே 2021-இல் சுவீடனின் ஹைப்ரிட் திட்டம், நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜன் கொண்டு செய்த எஃகை வால்வோவுக்கு அனுப்பியது.

மின்வில் உலை எவ்வளவு திறமானதானாலும், எஃகின் தூய்மை மின்சாரத்தின் தூய்மையைத் தாண்டாது. சிங்கப்பூர் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது.