பழிக்குப் பதில் நன்மை: ஓரியூர் முதல் பாரிபதா வரை

தீங்கு செய்தவருக்கு நன்மை செய்ய வேண்டும் என்பது கிறிஸ்தவ அறத்தின் அடிப்படைக் கட்டளைகளுள் ஒன்று. மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் உள்ள மலைப்பொழிவில், கண்ணுக்குக் கண் என்னும் பழைய நியாயத்தை இயேசு விலக்குகிறார். பகைவரை நேசிக்கவும் துன்புறுத்துவோருக்காக மன்றாடவும் சொல்கிறார். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் பவுல் இதை அன்றாட நடைமுறையாக மாற்றுகிறார். பகைவன் பசித்திருந்தால் சோறு போட வேண்டும், தாகத்தோடு இருந்தால் தண்ணீர் தர வேண்டும், பழிவாங்குவதைக் கடவுளிடம் விட்டுவிட வேண்டும் என்பது அவர் அறிவுரை. அதே நிருபத்தின் 13ஆம் அதிகாரம் குற்றவாளியைத் தண்டிக்கும் பொறுப்பை அரசுக்கு உரியதாக்குகிறது. மன்னிப்பும் தண்டனையும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது.

தமிழருக்கு இந்த அறம் புதிதன்று. திருக்குறளின் 'இன்னா செய்யாமை' அதிகாரத்தில் உள்ள 314ஆம் குறள், தீமை செய்தவர் நாணும்படி அவருக்கு நன்மை செய்வதே அவரைத் தண்டிக்கும் வழி என்கிறது. கிறிஸ்தவ அகிம்சையைக் கொள்கையாகக் கொண்ட ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய், 1908இல் எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' என்ற கட்டுரையில் இந்த அதிகாரத்தின் குறட்பாக்களை எடுத்தாண்டார். தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி அக்கடிதத்தைத் தமது 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டார்.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வரலாற்றில் இந்தக் கட்டளை முதலில் மறைசாட்சிகளின் வாழ்வில் வெளிப்பட்டது. லிஸ்பனில் 1647இல் பிறந்து மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்த சேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோவைத் தமிழர் அருளானந்தர் என்று அழைத்தனர். மறவர் நாட்டில் 1686இல் அவர் பிடிபட்டுக் கடும் சித்திரவதைக்கு ஆளானார். அந்நாட்டு மன்னர் கிழவன் சேதுபதி விடுவித்த பின் போர்ச்சுகல் சென்றவர், அங்கேயே பாதுகாப்பாக இருந்திருக்கலாம். ஆனால் 1690இல் இந்தியாவுக்குத் திரும்பி, தம்மை வதைத்த அதே மறவர் நாட்டுக்கு மீண்டும் சென்றார். தடியத் தேவர் என்ற தலைவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் சேதுபதியின் உறவினர். அதன் விளைவாக 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டுவதற்கு முன் கொலையாளியை அவர் தழுவிக்கொண்டதாகச் சேசு சபைக் குறிப்புகள் சொல்கின்றன. இன்று ஓரியூரின் செம்மண்ணைப் பக்தர்கள் அவருடைய குருதி தோய்ந்த மண் என்று எடுத்துச் செல்கிறார்கள். அவர் கொல்லப்பட்ட நாட்டின் மக்களே அவரைத் தங்கள் புனிதராகப் போற்றுகிறார்கள்.

1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட, கிறிஸ்தவராக மாறிய திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி தேவசகாயமும் இந்த வரிசையில் வருபவர். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்ட அவமானத்தை அவர் பகையின்றிப் பொறுத்தார் என்பது குமரி மக்களின் நினைவு. 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

இவர்கள் இருவரும் சாகும் நேரத்தில் மன்னித்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த இரு கொலைகளில் மன்னிக்கும் பொறுப்பு உயிரோடு இருந்த உறவினர் மேல் விழுந்தது.

கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் உதயநகரில் நிலமற்ற ஏழைகளிடையே பணியாற்றினார். கடன் கொடுத்து அவர்களைப் பிடியில் வைத்திருந்தவர்களுக்கு அவர் வேலை இடையூறாயிற்று. 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் செல்லும் பேருந்தில் சமந்தர் சிங் என்பவர் அவரைக் குத்திக் கொன்றார்; உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள் இருந்தன. சமந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2002இல் ரக்ஷா பந்தன் காலத்தில் ராணி மரியாவின் தங்கை, அருட்சகோதரி செல்மி பால், சிறைக்குச் சென்று கொலையாளியின் மணிக்கட்டில் ராக்கி கட்டி அவரைச் சகோதரனாக ஏற்றார். பின்னர் தாயும் சிறைக்கு வந்து, மகளைக் கொன்ற கைகளை முத்தமிட்டார். அவரை விடுவிக்கும்படி குடும்பமே மனுக் கொடுத்தது. 2006இல் விடுதலையான சமந்தர் சிங், அடுத்த ஆண்டு புல்லுவழிக்குச் சென்று ராணி மரியாவின் பெற்றோரைச் சந்தித்தார். 2017இல் ராணி மரியாவுக்கு இந்தூரில் முக்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது.

இரண்டாவது கொலை ஒடிசாவில் நடந்தது. ஆஸ்திரேலியரான கிரகாம் ஸ்டெயின்ஸ் 1965 முதல் பாரிபதாவில் தொழுநோயாளருக்குப் பணி செய்துவந்தார். 1999 ஜனவரி 22 இரவு, கியோஞ்சர் மாவட்டம் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவரும் மகன்கள் பிலிப்பும் (10) திமோத்தியும் (6) உயிரோடு எரிக்கப்பட்டனர். கொன்றவர்கள் மேல் வெறுப்பில்லை, மன்னித்துவிட்டேன் என்று மனைவி கிளாடிஸ் அறிவித்தார். மகள் எஸ்தருடன் பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளர் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார். கணவர் பெயரில் மருத்துவமனை ஒன்று அங்கு எழுந்தது. 2005இல் இந்திய அரசு கிளாடிஸுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இவ்விரு வழக்குகளிலும் மன்னிப்பு சட்டத்தோடு கொண்ட உறவு வேறுபட்டது. ராணி மரியாவின் குடும்பம் கொலையாளியின் விடுதலைக்காகவே முன்வந்தது. கிளாடிஸோ, தாம் மன்னிப்பது வேறு, குற்றத்துக்குச் சட்டம் தரும் விளைவு வேறு என்று பிரித்துக் கண்டார். வழக்கை நீதிமன்றத்தின் கையில் விட்டார். முதன்மைக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை உயர் நீதிமன்றம் 2005இல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பவுலின் நிருபத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரு அதிகாரங்களையும் ஒன்றையொன்று தள்ளாமல் கடைப்பிடிக்கலாம் என்பதற்குப் பாரிபதாவும், தண்டனை பெற்றவனுக்காகப் பாதிக்கப்பட்டவரே பரிந்து பேசலாம் என்பதற்குப் புல்லுவழியும் சான்றாக உள்ளன.