சில்லறை போட்டால் பாடும் பெட்டி

1940ஆம் ஆண்டு சிகாகோவின் மில்ஸ் நாவல்டி கம்பெனி ஒரு பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சூதாட்ட இயந்திரமும் ஜூக்பாக்ஸும் செய்து காசு பார்த்த கம்பெனி அது. அடுத்தவர் சட்டைப்பையில் இருக்கும் சில்லறையை எப்படி வெளியே வரவழைப்பது என்பது அவர்களுக்குக் கைவந்த கலை. பனோராம் என்று பெயரிட்ட இந்தப் புதிய பெட்டி மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் ரயில் நிலையங்களிலும் ஆளுயரத்துக்கு நின்றது. பத்து சென்ட் போட்டால் மூன்று நிமிடத்துக்கு ஒரு பாட்டு, படத்தோடு. இன்று நம் கைப்பேசியில் ஓடும் பாட்டு வீடியோவின் வம்சாவளியைத் தேடிப்போனால் எம்டிவியில் நின்றுவிடுபவர்கள் அதிகம். அதற்கும் நாற்பது ஆண்டு முன்னால் போக வேண்டும்.

பெட்டியின் அடிப்பாகத்தில் 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர். அதிலிருந்து கிளம்பும் ஒளி கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, மேலே இருக்கும் திரையின் பின்பக்கம் விழும். கண்ணாடி இடத்தை வலமாக்கிவிடும் என்பதால் படச்சுருளையே இடவலம் மாற்றி அச்சடித்தார்கள். அந்தச் சுருளைச் சாதாரண புரொஜெக்டரில் ஓட்டினால் கடைப்பலகை எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியும். டிரம்பெட் வாசிப்பவர் இடக்கைக்காரர் ஆகிவிடுவார். ஒரு சுருளில் எட்டுப் பாட்டு, முனையோடு முனை ஒட்டிய வளையமாக. பாட்டைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. எட்டாவதாக இருக்கும் பாட்டுதான் வேண்டுமென்றால், முன்னால் இருக்கும் ஏழுக்கும் காசு போட வேண்டும். இதைக் குறை என்று வாடிக்கையாளர் சொல்லியிருப்பார். கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

சவுண்டீஸ் என்று அழைக்கப்பட்ட இந்தக் குட்டிப் படங்கள் 1940களின் நடுப்பகுதி முடிவதற்குள் 1800க்கும் மேல் எடுக்கப்பட்டன. வாரத்துக்கு ஒரு புதுச்சுருள். வியாபாரத்தில் ஒரு பங்காளி ஜேம்ஸ் ரூஸ்வெல்ட், அன்றைய அமெரிக்க ஜனாதிபதியின் மகன். பாட்டு வீடியோவின் இலக்கணம் என்று இன்று நாம் நினைப்பதில் முக்கால்வாசி இந்த அவசரத் தயாரிப்பில் உருவானதுதான். பாட்டை முதலில் பதிவுசெய்துவிட்டு, பிறகு படப்பிடிப்பில் அதை ஓடவிட்டு வாயசைக்கச் செய்தார்கள். ஒலிப்பதிவுக்காகப் படப்பிடிப்பு நின்றுபோகக் கூடாது. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மூன்று நிமிட அளவு அன்றைய 78 சுற்று இசைத்தட்டு விதித்தது. பாடுபவர் நேரே நம் கண்ணைப் பார்க்கிறார். மதுக்கடைச் சந்தடியில் அப்படிப் பார்த்தால்தான் ஒருவன் திரும்பிப் பார்ப்பான். கதை கிடையாது. பாதியில் வந்து நிற்பவனுக்கும் புரிய வேண்டுமே. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஆட்டக்காரப் பெண்களை விட்டார்கள். ஆக, கலைஞன் உட்கார்ந்து யோசித்து வகுத்த மரபு இல்லை இது. பெட்டியும் கடையும் சேர்ந்து வகுத்தது.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரு காரியம் நடந்தது. அன்றைய ஹாலிவுட்டில் கறுப்பினக் கலைஞர் என்றால் வேலைக்காரி, சமையல்காரர், மூட்டை தூக்குபவர். பெரிய படத்தில் ஒரு பாட்டு கிடைத்தாலும், தென் மாநிலத் திரையரங்குகள் வெட்டி எறிய வசதியாகக் கதையோடு ஒட்டாமல் வைப்பார்கள். பனோராம் பெட்டிகளோ கறுப்பின மக்கள் வாழும் தெருக்களின் மதுக்கடைகளிலும் நின்றன. அங்கே காசு விழ வேண்டுமென்றால் அங்கே பிடித்த முகம் திரையில் வேண்டும். டியூக் எலிங்டன், ஃபேட்ஸ் வாலர், நாட் கிங் கோல், லூயி ஜோர்டன், சிஸ்டர் ரோசெட்டா தார்ப், டோரதி டான்ட்ரிஜ் என்று 300க்கும் மேற்பட்ட சவுண்டீஸ் கறுப்பினக் கலைஞர்களுடையவை. எலிங்டன் குழுவின் 1941ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் ஹார்லெமின் லிண்டி ஹாப் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். இசைக்குழு ஒரு பக்கம் அதிவேகமாக வாசிக்க, ஜோடி ஜோடியாக வந்து ஒருவரை ஒருவர் தோளுக்கு மேல் சுழற்றி எறிகிறார்கள். யாரும் யாருக்கும் தேநீர் கொண்டுவரவில்லை. அந்த ஆட்டத்தை இன்று கற்றுக்கொள்பவர்கள் உலகெங்கும் அந்த மூன்று நிமிடத்தைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். படமெடுத்தவர்களுக்குச் சமத்துவ எண்ணம் இருந்ததா என்று கேட்டால், பத்து சென்ட் எண்ணம் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும் பெட்டி செய்வது நின்றது. போர் முடிந்து தொலைக்காட்சி வந்ததும் மதுக்கடைக்காரருக்குக் காசில்லாமலே படம் ஓடும் பெட்டி கிடைத்துவிட்டது. 1947க்குள் சவுண்டீஸ் கதை முடிந்தது.

மறுபிறவி பிரான்சில். கமேக்கா என்பது சினிமாக் கருவிகளும் ஆய்வகக் கருவிகளும் செய்த கம்பெனி. அணுக்களை ஆராயும் நுண்கருவிகளுக்காக அறிவியலாளர் வட்டாரத்தில் இன்றும் அறியப்படுவது. அந்தப் பொறியாளர்கள்தான் 1960இல் ஸ்கோபிடோனைக் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம், தலைமாட்டில் திரை. உள்ளே 36 வண்ணப் படச்சுருள்கள். பொத்தானை அழுத்தினால் வேண்டிய சுருள் புரொஜெக்டருக்கு முன்னால் வந்து நின்று ஓடும்; முடிந்ததும் தானே பின்னோக்கிச் சுற்றிக்கொள்ளும். பனோராமில் இல்லாத இரண்டும், அதாவது தேர்வும் வண்ணமும், இதில் இருந்தன. ஜானி ஹாலிடே, சில்வி வார்த்தான், பிரான்சுவாஸ் ஆர்தி எனப் புதுத் தலைமுறைப் பாடகர்கள் எல்லோரும் இதற்குள் நுழைந்தார்கள். இவற்றில் பலவற்றை இயக்கிய ஓர் இளைஞர் பிற்பாடு 1966இல் கான் விழாவின் உச்ச விருதைப் பெற்றார். பெயர் குளோத் லெலூஷ். ஒரே நாளில் எடுத்து முடிக்க வேண்டும், கையில் இருப்பது சின்ன கேமரா, பின்னால் வேறு யாரோ எழுதிய இசை. இன்றைய குறும்பட இயக்குநர்கள் பாட்டு வீடியோவில் கை பழகுவது இந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

1964இல் ஸ்கோபிடோன் அமெரிக்காவுக்குப் போனது, அங்கே கெட்டுப்போனது. நீச்சலுடைப் பெண்கள் இல்லாமல் ஒரு பாட்டும் இல்லை என்றாயிற்று. பாட்டு எதைப் பற்றியதாக இருந்தாலும் நீச்சல்குளத்தோரம் இடுப்பாட்டம். இரண்டே ஆண்டில், இந்தத் தொழிலில் குற்றக்கும்பல்களுக்குத் தொடர்புண்டா என்ற விசாரணைச் செய்தி பத்திரிகையில் வந்தது, வியாபாரம் சரிந்தது. கடைசிக் காலத்து ஸ்கோபிடோன் படங்களில் ஒன்று புரோகோல் ஹாரம் குழுவின் புகழ்பெற்ற 1967ஆம் ஆண்டுப் பாட்டுக்கு எடுத்தது. அதில் யாரும் வாத்தியத்தைத் தொடுவதில்லை. ஐந்து பேர் லண்டனைச் சுற்றுகிறார்கள், வயல்வெளியில் ஓடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பாட்டுப் பதிவில் வாசித்த ஐவரில் மூவர்தான் ஓடும் ஐவரில் இருக்கிறார்கள். இடையில் குழுவில் ஆள் மாறிவிட்டது. காதில் விழுவது ஒருவர் வாசிப்பு, கண்ணில் படுவது இன்னொருவர் முகம். இதைப் பித்தலாட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னணிப் பாடகர்களைக் கொண்டாடும் ஊர்க்காரன் நான்.

அமெரிக்காவில் செத்த பெட்டி பிரான்சில் சாகவில்லை, குடிபெயர்ந்தது. பிரெஞ்சு இளைஞர்கள் தொலைக்காட்சிப் பக்கம் போய்விட்ட பிறகு, பழைய ஸ்கோபிடோன்கள் பாரிஸிலும் லியோனிலும் மார்செயிலும் வட ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் கூடும் கஃபேக்களுக்கு வந்து சேர்ந்தன. கார் தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் இருந்த ஆண்கள். குடும்பம் கடலுக்கு அப்பால். கீழே கஃபே, மேலே நெருக்கியடித்துப் படுக்கும் அறைகள். பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அவர்கள் மொழியில் பாடுபவரைப் பார்ப்பது அரிது. பெட்டியில் அரபியும், அல்ஜீரியாவின் கபீல் மொழியும் ஒலித்தன. சலா சதாவி, மசூனி, ஸ்லிமான் அசெம் போன்றவர்கள் 1970களில் இதற்காகவே படங்கள் எடுத்தார்கள். பல படங்கள் கஃபேக்குள்ளேயே எடுக்கப்பட்டவை. ஆக, கஃபேயில் குவளையோடு நிற்பவன் திரையில் பார்ப்பதும் கஃபேயில் குவளையோடு நிற்பவனைத்தான். பாட்டுகள் ஊர்ப்பிரிவைப் பாடின, சாராயத்தைக் கிண்டலடித்தன, அயல்நாட்டு வாழ்க்கையில் சீரழிந்தவனைத் திட்டின.

ஸ்லிமான் அசெம் கதை தனி. கபீல் மொழியின் பெரும் பாடகர். அவர் பாட்டை அல்ஜீரிய வானொலி ஒலிபரப்பாத காலம் உண்டு. ஊர் திரும்ப முடியாமலே 1983இல் பிரான்சில் இறந்தார். சொந்த நாட்டு வானொலி மூடிய வாயைத் திறந்துவைத்தது, அமெரிக்க வியாபாரிகள் கைவிட்ட ஒரு தகரப் பெட்டி. பாட்டு வீடியோவின் வரலாற்றில் எம்டிவியின் முதல் இரவைவிட இந்தக் கஃபேக்களை நான் பெரிதாக மதிக்கிறேன். விளம்பரம், விற்பனை என்ற காரணமெல்லாம் உதிர்ந்துபோய், பார்க்கிறவனுக்காக மட்டும் படம் ஓடிய இடம் அது. காசு போட்டுத்தான், ஆனாலும்.

தொலைக்காட்சிக் காலம் பலருக்கும் தெரிந்த கதை. ஊர் ஊராகப் போய்த் தொலைக்காட்சி நிலையங்களில் நிற்க முடியாத பீட்டில்ஸ் 1966இல் லண்டனின் சிஸ்விக் தோட்டத்தில் நின்று படமெடுத்து, தங்களுக்குப் பதிலாகப் படத்தை அனுப்பினார்கள். 1975இல் குயீன் குழு தன் ஆறு நிமிடப் பாட்டுக்குச் சில மணி நேரத்தில் எடுத்த வீடியோவும் அந்த வேலைக்குத்தான்: மேடையில் அப்படியே பாடிக்காட்டுவது கடினம், படம் போய்ப் பாடட்டும். 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கியதும் கணக்கு மாறியது. இசைத்தட்டுக் கம்பெனிகள் தங்கள் செலவில் எடுத்துத் தர, சேனல் அதை ஓட்டி விளம்பரம் விற்றது. நிகழ்ச்சிக்குச் செலவே இல்லாத சேனல்!

எம்டிவி தன்னை ராக் இசைச் சேனல் என்று சொல்லிக்கொண்டு, கறுப்பினக் கலைஞர்களின் வீடியோக்களைப் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்திருந்தது. 1983இல் ஒரு பேட்டியில் டேவிட் போவி, இது ஏன் என்று சேனலின் தொகுப்பாளரிடமே முகத்துக்கு நேரே கேட்டார். மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' அந்த ஆண்டுதான் கதவை உடைத்தது. 1941இல் சிகாகோக்காரனின் மதுக்கடைப் பெட்டி தாராளமாகக் காட்டிய முகங்கள், நாற்பது ஆண்டு கழித்து நாகரிகமான கேபிள் சேனலில் நுழையப் போராட வேண்டியிருந்தது. காலம் முன்னோக்கித்தான் போகும் என்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

அதே ஆண்டு டிசம்பரில் 'த்ரில்லர்' வந்தது. ஜான் லாண்டிஸ் இயக்கிய பதினான்கு நிமிடப் படம். அதற்குப் பணம் திரட்டிய விதம்தான் சுவாரசியம்: படம் எடுக்கப்பட்ட கதையையே இன்னொரு படமாக்கி, அதன் உரிமையை விற்றார்கள். பாட்டை விற்க வீடியோ. வீடியோவுக்கு முதல் போட வீடியோவைப் பற்றிய வீடியோ. 2011 நவம்பரில் தமிழில் 'கொலவெறி' வந்தபோது அதில் காட்சி என்று தனியாக எதுவுமே இல்லை. பதிவுக்கூடத்தில் தனுஷ் பாடுகிறார், சுற்றி நான்கு பேர் நிற்கிறார்கள். மேக்கிங் வீடியோவே வீடியோ ஆகிவிட்டது. உலகம் பார்த்தது. இப்போது அதுவும் வேண்டாமென்று, எழுத்து மட்டும் ஓடும் லிரிக்கல் வீடியோவைப் படம் வருவதற்கு முன்பே விடுகிறார்கள். இதில் எனக்குப் பெரிய மயக்கம் இல்லை. பாதிக்கு மேல் நட்சத்திரத்தின் நிழற்படத்தை ஆட்டிக் காட்டும் சோம்பல். ஆனாலும் எட்டுப் பாட்டுச் சுருளின் தந்திரம் இதிலும் இருக்கிறது: நாம் கேட்டதைத் தருவதற்கு முன்னால் அவர்களுக்கு வேண்டியதை ஓட்டிவிடுவது. காசுக்குப் பதில் விளம்பரம் பார்க்கிறோம்.

அந்தக் கஃபேக்களில் ஓடிய அரபி, கபீல் ஸ்கோபிடோன் படங்களைப் பின்னாளில் மிஷேல் கொலெரி, அனாயிஸ் புரொசாயிக் என்ற இருவர் தேடித் தொகுத்து ஆவணப்படமாக்கினார்கள். கிடைத்த பிரதிகள் பலவும் வண்ணம் மங்கிச் சிவப்பேறியவை. யாரும் பாதுகாக்கவில்லை, பாதுகாக்க வேண்டிய பொருள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பாரிஸில் அந்தக் கஃபேக்கள் இருந்த பார்பெஸ் பகுதிக்கு அடுத்ததுதான் லா சப்பல். 1980களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் கடை போட்ட பகுதி. அங்கும், டொராண்டோவிலும் லண்டனிலும், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வீடியோ கசெட்டுகள் அடுக்கியிருந்தன. சினிமாப் பாட்டுகள் மட்டும் அல்ல. புலம்பெயர்ந்த இளைஞர்கள் தாங்களே இசையமைத்து, பூங்காவிலும் பனியிலும் நின்று பாடி எடுத்த பாட்டுகளும் உண்டு. எந்தக் கம்பெனியின் கிடங்கிலும் அவற்றுக்குப் பிரதி இருக்காது. வீட்டு அலமாரியில்தான் இருக்கும். காந்த நாடா நாளாக நாளாக ஒலியையும் நிறத்தையும் இழக்கும், பூஞ்சை பிடிக்கும். வீடியோ கசெட் பிளேயர் செய்துவந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு தயாரிப்பை நிறுத்திவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு கசெட் கிடந்தால், பாடியவர் பெயர், எடுத்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்துவைத்து, ஓடுகிற பிளேயர் கிடைக்கும்போதே கணினிக்கு மாற்றிவிடுங்கள்.