இறால் ஓடும் இரத்தமும்

இறால் உரித்த பிறகு ஓட்டை என்ன செய்வோம்? குப்பையில் போடுவோம், அவ்வளவுதான். அந்த ஓட்டுக்குப் பின்னால் இருநூறு வருஷக் கதை ஒன்று இருக்கிறது. அது போய்ச் சேர்ந்த இடம்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

கதை கடலில் தொடங்கவில்லை, காளானில் தொடங்குகிறது. பிரான்சின் நான்சி நகரத் தாவரவியல் பூங்காவை நிர்வகித்தவர் ஆன்றி பிராகொன்னோ. 1811இல் இவர் காளானிலிருந்து லேசில் கரையாத ஒரு பொருளைப் பிரித்தார். 1823இல் ஒகுஸ்த் ஓதியே வண்டின் இறக்கை ஓட்டில் அதையொத்த பொருளைக் கண்டு 'கைட்டின்' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் அங்கி என்று அர்த்தம். 1859இல் சார்ல் ரூஜே அதைக் கடும் காரத்தில் கொதிக்கவைத்தார். அதுவரை கரையவே மாட்டேன் என்று அடம்பிடித்தது, மென்அமிலத்தில் கரைந்தது. 1894இல் ஹோப்பே-செய்லர் அதற்குக் 'கைட்டோசான்' என்று பெயரிட்டார். எல்.எஸ்.டி.யைக் கண்டுபிடித்த ஆல்பர்ட் ஹாப்மன்கூட, முனைவர் பட்டத்துக்கு நத்தையின் செரிமானச் சாற்றைக் கொண்டு கைட்டினைத்தான் உடைத்துப் பார்த்தார்.

செய்முறை ஒன்றும் மந்திரமில்லை. இறால், நண்டு ஓட்டை அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு போகும். காரத்தில் வேகவைத்தால் புரதம் போகும். மிஞ்சுவது கைட்டின். இன்னும் கடுமையான காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். அமிலத்தன்மையில் இதன் மூலக்கூறு நேர்மின்னேற்றம் பெறும். சிவப்பணுக்களின் மேற்பரப்போ எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்ள, காயத்தின் வாய் அடைபடுகிறது.

1970களில் ஜப்பானில் கைட்டோசான் ஆலைகளே வந்துவிட்டன. பெரிய பயன், கழிவுநீரைத் தெளியவைப்பது. காயத்துக்கான ஆராய்ச்சிகளும் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் இறால் ஓட்டிலிருந்து செய்த கட்டுத்துணி ஒன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது 2002இல். பின்னால் ராணுவப் பணம் இருந்தது. துணி நேராக ஆப்கானிஸ்தானுக்கும் ஈராக்குக்கும் போனது. ரூஜேயின் அடுப்பிலிருந்து போர்முனைக்கு 143 வருஷம்.

போர் வந்தால்தான் மருந்துக்கு அவசரம் வருமா? இதைத்தான் என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. 'கழிவிலிருந்து மருந்து' என்று கொண்டாடும்போது இன்னொன்றும் மறந்துபோகிறது. ஓட்டைச் சுத்தம்செய்த அமிலமும் காரமும் எங்கே போகின்றன? அவற்றைச் சரிக்கட்டாமல் விட்டால், ஒரு குப்பைக்குப் பதில் இன்னொரு குப்பைதான்.

தூத்துக்குடியிலும் கொச்சியிலும் ஏற்றுமதிக்காக உரிக்கிற இறாலின் ஓடு இங்கேயே தங்கிவிடுகிறது. ஓடு இங்கே இருக்கிறது, வித்தையும் தெரியும். நெடுஞ்சாலை விபத்தில் ரத்தம் கொட்டக் கிடப்பவருக்கு எட்டுகிற விலையில் அந்தத் துணி வந்தால், இந்தக் கதை போர்முனையைத் தாண்டி வந்துவிட்டது என்று நம்புவேன்.