யார் வீட்டு விருந்து? வெளிநாட்டு மாணவரும் கிறிஸ்தவ உபசரிப்பும்: ஆலங்குளம் வட்டாரத்திலிருந்து ஒரு விவாதம்

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் என்றால் இந்தப் பக்கத்தாருக்கு சிமெண்டு ஆலைதான் நினைவுக்கு வரும். வெளிநாட்டு மாணவர் என்ற பேச்சில் அந்த ஊர் அடிபட்டதில்லை. ஆனால் இதே வட்டாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே கிருஷ்ணன்கோவிலில், 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் வளாகத்துக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளும் படிக்க வருகிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களாக இருப்பவர்கள் ஞாயிறன்று ஆலயம் தேடுகிறார்கள். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் யாராவது ஒருவர், "மத்தியானம் எங்கப்பா சாப்பாடு?" என்று கேட்டுவிடுகிறார். கிறிஸ்தவ உபசரிப்பு பற்றிய இறையியல் இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

அந்தக் கேள்வியை அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதில் திருச்சபைக்குள் ஒருமித்த கருத்து இல்லை. விருந்து என்பது நற்செய்திப் பணிக்கு வாசல், அந்த வாசல் வழியே சுவிசேஷம் உள்ளே போகாவிட்டால் சோறு போட்டதற்குப் பயன் என்ன என்பார் ஒரு சாரார். சோற்றோடு எதையும் கலக்கக்கூடாது, விருந்து விருந்தாகவே இருக்கட்டும் என்பார் மறு சாரார். இரு சாராரும் ஒன்றைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறார்கள்: விருந்தளிப்பவர் எப்போதும் நாம், விருந்தாளி எப்போதும் அவர். இந்த ஏற்பாடுதான் முதலில் சோதிக்கப்பட வேண்டும் என்பது என் வாதம். தானும் ஒரு நாள் அந்த மாணவரின் விருந்தாளியாக மனமில்லாதவர் செய்வது தர்மமாக இருக்கலாம், பிரசாரமாகவும் இருக்கலாம். அதை உபசரிப்பு என்று ஏற்பது கடினம்.

சொற்களே இதற்குச் சாட்சி. தொல்காப்பியம் செய்யுளியலில் 'விருந்து' என்பது எண்வகை வனப்புகளில் ஒன்று. அங்கே அதன் பொருள் புதுமை. வீட்டுக்கு வரும் புதியவருக்கும் அவருக்கு இடும் உணவுக்கும் அதே சொல் பெயரானது. வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'பிலோக்ஸீனியா'. அதனுள் இருக்கும் 'க்ஸீனோஸ்' என்ற சொல்லுக்கு அந்நியர், விருந்தாளி, விருந்தளிப்பவர் என்ற மூன்று பொருளும் உண்டு. யார் யாருக்கு விருந்து என்று அந்தச் சொல் தீர்த்துச் சொல்வதில்லை. தமிழ் வேதாகமத்தில் இது 'அந்நியரை உபசரித்தல்' என்று வந்தது. பிழையான மொழிபெயர்ப்பு அல்ல. ஆனால் 'உபசரி' ஒருவழிச் சொல். மேலிருந்து கீழே பரிமாறும் சொல். வந்தவர் அந்நியராகவே உட்கார்ந்திருக்கிறார். 'விருந்து' என்ற சொல் கையருகே இருந்தும் மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் அதை இங்கே எடுக்கவில்லை என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு.

இந்த வட்டாரத்துக்கு விருந்தாளியை ஏற்ற அனுபவமும் புதிதல்ல. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி அன்று திருநெல்வேலிச் சீமையின் வடகோடி. கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஆய்வறிஞராக இருந்த தாமஸ் கஜெட்டான் ராக்லண்டு, சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1854இல் இங்கே ஊர் ஊராகச் சுற்றும் பணியைத் தொடங்கி, 1858இல் சிவகாசியில் இறந்தார். பங்களா கட்டவில்லை, கூடாரம் அடித்தார். தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் முறைவைத்து உபதேசியார்களை அனுப்பித் துணை நின்றன. அன்றைய நிலையில் அது எளிமை, ஐயமில்லை. ஆனால் கூடாரத்துக்கு ஒரு குணம் உண்டு: அது யார் வீட்டுத் திண்ணையையும் கேட்பதில்லை. ஊருக்குள் வந்தவர் ஊரின் விருந்தாளியாக ஆகாமலே ஊரோடு பேச அது வழி செய்கிறது.

இந்தக் குறையை வெளிப்படையாகச் சொன்னவர் இதே சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா. ஒய்எம்சிஏ செயலாளராக ஊர்கள் சுற்றியவர், 1912இல் தோர்ணக்கல் ஆயரானவர். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசியது சபையைச் சங்கடப்படுத்தியது. மிஷனரிமார் உழைப்பையும் உயிரையும் தந்தார்கள், ஆனால் நட்பைத் தரவில்லை என்பது அவர் பேச்சின் சாரம். அவர் கணக்கில் வந்தவை சின்னச் சின்ன விஷயங்கள்: கை குலுக்கினார்களா, தங்கள் மேசையில் உட்கார வைத்தார்களா. கொடுப்பதெல்லாம் கொடுத்துவிட்டுச் சேர்ந்து உண்ணாதவர் எசமானராகவே நின்றுவிடுகிறார் என்பதை அந்த மாநாட்டில் ஒரு திருநெல்வேலிக்காரர் சொல்ல வேண்டியிருந்தது.

பத்தாண்டு கழித்து லண்டனில் அசரியா கேட்ட நட்புக்கு ஒரு கட்டட வடிவம் கிடைத்தது. 1909இல் இந்திய மாணவர் மதன்லால் திங்ரா அங்கே பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்ற பிறகு, இங்கிலாந்தில் படித்த இந்திய மாணவர்கள்மீது அரசின் கண் இன்னும் கூர்மையாக விழுந்தது. குரோம்வெல் சாலை 21ஆம் எண் இல்லத்தில் அவர்களுக்கு அரசு ஆதரவில் தங்குமிடமும் ஆலோசனையும் ஏற்பாடாயின. மாணவர்கள் அதை வேவு பார்க்கும் வீடாகவே பார்த்தார்கள். சோறும் படுக்கையும் இருந்தும் அது விருந்து ஆகவில்லை. 1920இல் ஒய்எம்சிஏ சார்பில் லண்டனில் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் எழுந்தன. முன்நின்றவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால், இந்திய ஒய்எம்சிஏவின் தேசியப் பொதுச் செயலாளரான முதல் இந்தியர். கிறிஸ்தவ நிறுவனம்தான், ஆனால் இந்து, முஸ்லிம், சீக்கிய மாணவர்களும் தங்கினார்கள். பிட்ஸ்ராய் சதுக்கத்தில் அது இன்றும் நடக்கிறது. அதன் சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனிப் பேர் உண்டு. குரோம்வெல் சாலையில் விருந்தளித்தவர் ஆள்பவர். இங்கே அந்நிய ஊரில் தானும் அந்நியனாக நின்றறிந்தவர் கதவைத் திறந்தார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கலாம். 1909இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிக்கட்டில் ஒரு சீன மாணவருக்கு ஒய்எம்சிஏ ஊழியர் ஹாரி எட்மண்ட்ஸ் காலை வணக்கம் சொன்னார். வந்து மூன்று வாரத்தில் தன்னிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்றாராம் மாணவர். எட்மண்ட்ஸும் மனைவியும் ஞாயிறு மாலைகளில் வெளிநாட்டு மாணவர்களை வீட்டுக்கு அழைத்தார்கள். அது வளர்ந்து, ராக்பெல்லர் பணத்தில் 1924இல் 'இன்டர்நேஷனல் ஹவுஸ்' ஆனது. நன்கொடையும் கட்டடமும் பெரிதாகப் பெரிதாக, அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை எங்கோ பின்னால் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒரு குடும்பம் வெளிநாட்டு மாணவரை இரவு தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பல ஆண்டுகளாக 'சி படிவம்' என்று வழங்கிவந்த நடைமுறை அது. மாணவர் விசாவில் வந்தவர் மதப் பிரசாரத்தில் இறங்க முடியாது. நம் பக்கமும் எல்லை உண்டு. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு தரும் பரப்புரை உரிமை, மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்டனிஸ்லாஸ் வழக்கில் சொன்னது. 2002இல் தமிழ்நாடு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 'ஆசை காட்டுதல்' என்பதையும் குற்றமாக்கியது. பின்னர் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் போனாலும் ஏச்சு போகவில்லை. "ரொட்டிக்கும் பால் பவுடருக்கும் மாறினவங்க" என்ற பேச்சைக் கேட்காத கிறிஸ்தவர் இந்தப் பக்கத்தில் குறைவு. நமக்குச் சுடும் அந்தச் சொல்லை நாமே உண்மையாக்கலாமா? உள்நோக்கத்தோடு போட்ட பிரியாணி அதைத்தான் செய்கிறது.

அப்படியானால் வாயைக் கட்டிக்கொண்டுதான் உபசரிக்க வேண்டுமா என்ற எதிர்வாதம் நியாயமானது. இல்லை என்பதே என் பதில். சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பது அந்த வீட்டின் வழக்கமென்றால் விருந்தாளிக்காக அதை மறைப்பதும் ஒருவகைப் பொய். அவர் கேட்டால் சொல்லலாம். அவர் தன் விசுவாசத்தைச் சொல்லும்போது அதே காதோடு கேட்கவும் வேண்டும். இதில் நாம் மறந்துவிடும் ஒன்றும் உண்டு: வருகிறவர் நம்மைவிடப் பழைய கிறிஸ்தவராக இருக்கலாம். எத்தியோப்பியத் திருச்சபை 4ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. அங்கிருந்து வந்த பிள்ளைக்கு நாம் துண்டுப் பிரசுரம் நீட்டினால் சிரிப்புக்கு இடமாகும்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. வெளிநாட்டு மாணவரை நடுவீடுவரை அழைத்துப் போகிறோம். அவர் எந்தத் தெரு என்று கேட்க வேண்டியதில்லை. கேட்டாலும் பதில் நமக்கு ஒன்றும் சொல்லாது. அவர் நம் சாதிக் கணக்குக்கு வெளியே நிற்பதால் கதவு சுலபமாகத் திறக்கிறது. அதே ஆலயத்தில் முன்வரிசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும், வேறு தெருக்காரரான சகவிசுவாசி அந்த நடுவீட்டை எத்தனை முறை பார்த்திருக்கிறார்? எடின்பரோவில் அசரியா கேட்டதை நம் சபைக்குள்ளேயே ஒருவர் எழுந்து கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? தூரத்து அந்நியருக்குத் திறந்து பக்கத்து அந்நியருக்கு மூடும் கதவை 'பிலோக்ஸீனியா' என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

ஆலங்குளத்தில் நான் உடனிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். தான்சானியா மாணவர் ஒருவர் அங்கே ஒரு வீட்டுக்கு நாலைந்து மாதமாக வந்துபோகிறார். வீட்டு ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது, அவரிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவார்: "வெக்கப்படாமச் சாப்புடுப்பா." அவரும் "போதும் ஆச்சி" என்ற இரண்டு சொல்லைக் கற்றிருந்தார், அதை ஆச்சி ஒருநாளும் சட்டைசெய்ததில்லை. அன்று அவர், "இன்று நான் சமைக்கிறேன்" என்றார். வீட்டில் பெரிய தயக்கம். வந்த பிள்ளையை அடுப்படியில் நிறுத்துவதா? ஆச்சிதான், "விடுங்க, செய்யட்டும்" என்றார்.

மில்லில் திரித்த மக்காச்சோள மாவு அவர் கொண்டுவந்த பையில் இருந்தது. கொதிக்கும் தண்ணீரில் கொட்டி, கட்டி தட்டாமல் மரத்துடுப்பால் பலங்கொண்ட மட்டும் கிண்டினார். உகாலி என்றார். தொட்டுக்கொள்ளத் தண்டுக்கீரையை வெங்காயம், தக்காளியோடு வதக்கினார்; தன் ஊரில் இதற்கு ம்சிச்சா என்று பெயர் என்றார். எல்லோரையும் உட்கார வைத்து அவரே பரிமாறினார். ஆச்சி ஒரு உருண்டையைப் பிய்த்து, கட்டை விரலால் குழி செய்து, கீரையை அள்ளி வாயில் போட்டார்.

"இது நம்ம களில்லா?"

மாணவருக்குப் புரியவில்லை. ஆச்சி தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் வையிப்பா."