பெண் குழந்தையின் விலை மூன்று இறைசால்

கற்பிட்டியிலிருந்து படகில் வடக்கே சென்றால், கடலுக்கும் களப்புக்கும் இடையில் மெலிந்து நீளும் மணல்திட்டில் உச்சமுனை இருக்கிறது. மீனவர் வாடிகளும் காயும் கருவாடும் கண்ணுக்குப் படும் அந்தக் கரையையொட்டிய நீர்ப்பரப்பை இன்றும் டச்சுக் குடா என்றே அழைக்கிறார்கள். 1667இல் தொடங்கி 1676இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த கற்பிட்டிக் கோட்டை, கண்டி இராச்சியத்துக்குப் புத்தளக் களப்பு வழியாகச் சென்ற வணிகத்தைக் கண்காணித்தது. அவர்கள் விட்டுச்சென்ற கோட்டை நமக்குத் தெரியும். கோட்டை வீடுகளுக்குள் அரிசி குற்றியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், எசமானின் பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்கள் யார் என்று நாம் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க அடிமைகளைப் பற்றிய ஒரு திரைப்படம் பார்த்துவிட்டு வந்த இளம் நிருபர் ஒருவர், "நல்ல காலம் ஐயா, எங்கட நாட்டில இப்பிடியெல்லாம் நடக்கேல்ல" என்றார். அன்று அவருக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலின் மீதிதான் இது.

அமெரிக்காவில் 1662ஆம் ஆண்டு வேர்ஜினியாக் குடியேற்றம் இயற்றிய சட்டம், பிறக்கும் பிள்ளை தாயின் நிலையைப் பின்பற்றும் என்றது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. தந்தை எசமானாகவே இருந்தாலும் அதுதான் விதி. 1808இல் அந்நாட்டுக்கு அடிமைகளை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்ட பின், தோட்டங்களுக்குப் புதிய கைகள் பெண்களின் வயிற்றிலிருந்தே வரவேண்டியதாயிற்று. பகலில் பருத்தி பறித்த பெண், இரவில் தன் பிள்ளைகளுக்குச் சமைத்து, நூல் நூற்று, துணி தைத்தாள். ஹரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண் எசமானின் தொல்லையிலிருந்து தப்ப, தன் பாட்டி வீட்டுக் கூரையின் கீழ் நிமிர்ந்து நிற்கவும் முடியாத இடுக்கில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தார். 1861இல் அதை அவரே நூலாக எழுதினார். எழுதக் கற்றிருந்ததால் அவர் கதை நமக்குக் கிடைத்தது.

நம் பக்கத்துப் பெண்களில் அப்படி எழுதியவர் எவரும் இல்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் எசமானரின் சட்டமே.

யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த தேசவழமைச் சட்டத்தைக் காணி, சீதனம் பற்றிய சட்டமாகவே நம்மவர் அறிவார்கள். அதே ஏட்டில் அடிமைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் எனச் சாதிப் பெயர் சொல்லி அவர்களை அது பட்டியலிடுகிறது. இரு வேறு எசமானரின் அடிமைகள் மணம் முடித்தால், பிறக்கும் பிள்ளைகள் பெண்ணின் எசமானுக்கே உரியவர் என்கிறது. வேர்ஜினியாவின் சட்டசபையும் யாழ்ப்பாணத்து முதலிமாரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் கணக்கு ஒன்றே.

இந்தப் பெண்களின் ஒருநாள் வேலையை ஊகிப்பது கடினமன்று. வீட்டு அடிமைகளாக இருந்தவர்களுக்கு உலக்கையும் அடுப்பும் எசமானியின் பேறுகாலப் பணிவிடையும். வயல் அடிமைகளாக இருந்தவர்களுக்கு நாற்று நடவு, களை, அறுவடை, புகையிலைக்குத் தண்ணீர். மேலாடை அணியவும் நகை பூணவும் அப்பெண்களுக்கு இருந்த தடை, அடிமைச் சட்டம் போன பின்பும் நெடுங்காலம் நீடித்தது. அமெரிக்காவில் தோலின் நிறம் அடையாளமாயிற்று. இங்கே உடையும் பெயரும் அந்த வேலையைச் செய்தன.

பிரித்தானியர் வந்ததும் தளை அறுந்துவிடவில்லை. பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால், 1816 ஓகஸ்ட் 12ஆம் திகதிக்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்களே என அடிமை உடைமையாளர் பலர் ஒப்புக்கொண்டனர். 1818இல் அடிமைகளைப் பதிவுசெய்யும் ஒழுங்குவிதி வந்தது. அதன் பின் வந்ததுதான் என்னை இன்றும் உறுத்துவது. 1821இல் அரசாங்கம், கோவிய, நளவ, பள்ள அடிமைத் தாய்மாருக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளைப் பிறப்பிலேயே விலைகொடுத்து வாங்கி விடுதலை செய்வதென முடிவெடுத்தது. விலை, சாதிக்கேற்ப இரண்டு அல்லது மூன்று இறைசால். இறைசால் என்பது ஒல்லாந்தர் காலத்து நாணயம். 1825இல் அதன் பெறுமதி ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என நிர்ணயிக்கப்பட்டது.

நிர்வாகத்தின் கண்ணோடு பார்த்தால் இது சிக்கனமான ஏற்பாடு. பெண் விடுதலையானால் அவள் வயிற்றில் பிறப்போர் அனைவரும் சுதந்திரர். ஆணை வாங்கிப் பணத்தை வீணாக்குவானேன்? எந்த வயிற்றின் வழியாக அடிமைத்தனம் இறங்கியதோ, அதே வயிற்றின் வழியாக அதை முடித்துவிடலாம். குடிசைக்குள் நின்று பார்த்தால் வேறு காட்சி. தாய் அடிமை, மூத்த மகன் அடிமை, மடியில் கிடக்கும் கைக்குழந்தை மட்டும் சுதந்திரப் பிரசை. அக்குழந்தைக்கான பணத்தை எசமான் பெற்றுக்கொண்டான். பத்து மாதம் சுமந்தவளுக்கு அதில் ஒரு சல்லியும் இல்லை.

1833ஆம் ஆண்டின் பிரித்தானிய விடுதலைச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது என விலக்கப்பட்டது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இங்கு அடிமை முறையை முற்றாக ஒழித்தது. அப்போது சட்ட நிரூபண சபையில் தமிழருக்கான நியமன உறுப்பினராக இருந்தவர் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. அவருடைய பெயரைத் தமிழ்ப் புலவர் வரலாற்றோடு மட்டும் சேர்த்துப் படித்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம்.

இன்னொரு விசித்திரம். 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார், தம் தாய்நாட்டில் அடிமைகள் விலைபோன காலத்தில் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். சுற்றியிருந்த ஊர்களிலும் அப்போது அடிமைகள் இருந்தனர்.

புத்தளத்துக்குத் திரும்புவோம். ஒல்லாந்தர் தம் அடிமைகளுக்கு டச்சு மொழியைப் புகட்டப் பெரிதும் முயன்றனர். டச்சு பேசாத அடிமையின் தலையை மழிக்க வேண்டும் என்றுகூடக் கொழும்பில் 17ஆம் நூற்றாண்டில் கட்டளையிட்டனர். பயன் இல்லை. அடிமை ஆயாக்களின் மடியில் வளர்ந்த டச்சுக் குழந்தைகள் போர்த்துக்கேயக் கிரியோலைப் பேசத் தொடங்கின. எசமான் வீட்டுப் பேச்சை அடிமைப் பெண்கள் தீர்மானித்த கதை இது.

அந்தக் கிரியோலின் மிச்சம் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் இருக்கிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்கரை இங்கு கொண்டுவந்தனர். பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த்தும் கோவாவிலும் மொசாம்பிக்கிலும் ஆபிரிக்க அடிமைகளை வாங்கிப் படையில் சேர்த்தார். புத்தளத்தில் நிலைகொண்டிருந்த ஆபிரிக்கப் படைப்பிரிவு 1865இல் கலைக்கப்பட்டது. அமெரிக்கா தன் அரசியலமைப்பைத் திருத்தி அடிமை முறையை ஒழித்த ஆண்டும் அதுவே. கலைக்கப்பட்டவர்களின் சந்ததியினர்தான் சிரம்பியடிக் காப்பிரியர். காப்பிரி என்ற சொல் தென்னாபிரிக்காவில் வசை. இங்கே அவர்கள் அதைத் தம் இனப் பெயராகவே கூறுகிறார்கள்.

அவர்களின் மாஞ்சாப் பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் பெண்களே முன்னின்று பாடுவார்கள். ரபானும் சிரட்டையும் கரண்டியும் தாளம். மெதுவாகத் தொடங்கி, மூச்சு வாங்குமளவுக்கு வேகம் பிடித்து, சட்டென நிற்கும். வீட்டில் அவர்கள் பேசுவது இப்போது சிங்களம். பாட்டிலுள்ள கிரியோல் சொற்கள் பலவற்றுக்கு இளையவர்களுக்குப் பொருள் தெரியாது. ஆனாலும் ஒரு சொல் பிசகாமல் பாடுகிறார்கள்.